கிராம்ஷியை வாசிக்க ஒரு கொப்பியும் சில சனிக்கிழமைகளும்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்கள், கூத்தில் ஆர்வமுள்ள இளைஞர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "கிராம்ஷி என்ற பெயர் எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அவரை எங்கே தொடங்கிப் படிப்பது?" ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கிராம்ஷி இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர்; பாசிச ஆட்சியாளர் முசோலினியின் சிறையில் இருந்து கடிதங்களும் குறிப்பேடுகளும் எழுதியவர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடிதங்களில் தொடங்குங்கள். சிறைக் குறிப்பேடுகளைப் பிறகு எடுங்கள். எதைப் படித்தாலும் உங்கள் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதை அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன். இருபது வயதில் ஒரு படிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே சிறைக் குறிப்பேடுகளின் தடித்த ஆங்கிலத் தேர்வு நூலைக் கையில் தந்து, "படித்துவிட்டு வா, பேசுவோம்" என்றார்கள். மாக்கியவெல்லி, குரோச்சே, இத்தாலிய ஒருங்கிணைப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் எனக்குத் தெரியாத பெயர்கள். நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தேன். ஆறு வருடம் திறக்கவில்லை. பிறகு ஒருநாள், அவர் தன் தங்கைக்கு எழுதிய சிறு கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. அந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகுதான் இந்த மனிதர் யாரோடு, எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குப் பிடிபட்டது. அந்த ஆறு வருடம் உங்களுக்கும் வீணாகப் போகக் கூடாது.

முதல் வேலை: கொப்பியில் ஒரு பக்கம்

ஒரு சாதாரணக் கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தின் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கிராம்ஷியின் வாழ்க்கை, வலப்பக்கம் அதே காலத்தில் நம் பக்கம் நடந்தவை. இந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் எந்தக் கடிதத்தை எடுத்தாலும், எழுதியபோது அவருக்கு எத்தனை வயது, எந்தச் சிறையில் இருந்தார் என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

இடப்பக்கத்தில் எழுத வேண்டியவற்றைச் சொல்கிறேன். அந்தோனியோ கிராம்ஷி 1891 ஜனவரி 22 அன்று இத்தாலியின் சார்டீனியாத் தீவில் ஆலெஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது கிலார்ட்சாவில். ஏழு பிள்ளைகளில் நான்காவது. சிறு வயதிலேயே முதுகெலும்பு வளைந்துவிட்டது, உயரமும் வளரவில்லை. அரசாங்க எழுதுவினைஞராக இருந்த தகப்பன் 1898இல் கைதாகிச் சிறை போனார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1911இல் புலமைப்பரிசில் கிடைத்துத் தூரின் பல்கலைக்கழகத்துக்குப் போய் மொழியியல் படித்தார், பட்டம் முடிக்கவில்லை. சோசலிசக் கட்சி, பத்திரிகை எழுத்து என்று வாழ்க்கை திரும்பியது. 1919 மே 1 அன்று தோழர்களோடு சேர்ந்து 'புதிய ஒழுங்கு' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த இரண்டு ஆண்டும் தூரின் தொழிற்சாலைகளில் தொழிலாளர் சபைகளின் காலம். 1921 ஜனவரி 21 அன்று லிவோர்னோ நகரில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. 1922இல் மொஸ்கோ போனார். பின்னாளில் மனைவியான ஜூலியாவைச் சந்தித்தது அங்கேதான். 1924இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1926 நவம்பர் 8 இரவு முசோலினியின் பொலிஸ் அவரைப் பிடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பெல்லாம் செல்லவில்லை. 1928 ஜூன் 4 அன்று கொடுக்கப்பட்ட தண்டனை 20 வருடம், 4 மாதம், 5 நாள். தெற்கே துரி என்ற ஊரின் சிறைக்கு அனுப்பினார்கள். எழுத அனுமதி கிடைத்து முதல் குறிப்பேட்டில் 1929 பெப்ரவரி 8 என்று தேதி போட்டார். உடல் உடைந்து, 1933 இறுதியில் ஃபோர்மியா நகரில் ஒரு மருத்துவமனைக்கும், 1935இல் ரோமில் வேறொன்றுக்கும் மாற்றினார்கள். 1937 ஏப்ரல் 27 அன்று இறந்தார். வயது 46. மூத்த மகன் தேலியோவைச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததோடு சரி. இளைய மகன் ஜூலியானோவை அவர் ஒருநாளும் கண்ணால் பார்க்கவில்லை.

வலப்பக்கத்துக்கு நான் போட்டுக்கொண்டவை: 1892இல் காரைதீவில் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் பிறப்பு. 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை. 1935 டிசம்பரில் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் தொடக்கம். 1947இல் விபுலாநந்தரின் யாழ் நூல் வெளிவருகிறது, அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைகிறார். கிராம்ஷியின் சிறைக் கடிதங்கள் முதன்முதலில் நூலாக வந்ததும் அந்த 1947இல்தான். இவர்கள் இருவரையும் ஒப்பிடச் சொல்லவில்லை. வழிகள் வேறு வேறு. ஆனால் ஒரு வயது வித்தியாசத்தில் இரண்டு தீவுகளின் சின்ன ஊர்களில் பிறந்த இருவர் என்று பார்க்கும்போது, கிராம்ஷி எங்கோ தூரத்து ஐரோப்பியர் என்ற எண்ணம் கொஞ்சம் விலகும்.

இன்னொன்று. நூலகத்திலும் இணையத்திலும் தேடும்போது கிராம்ஷி, கிராம்சி என்று இரண்டு எழுத்திலும் தேடுங்கள். முற்பெயரையும் அந்தோனியோ, அன்டோனியோ என்று இரண்டு விதமாக எழுதுகிறார்கள். மட்டக்களப்புப் பொது நூலகம், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகம், அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகம் என்று நேரே போய்க் கேட்டுப் பாருங்கள். பழைய ஈழத்துச் சிற்றிதழ்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர்களுக்கு மார்க்சிஸ்ட் இணைய ஆவணக் காப்பகத்தில் ஆரம்பத்துக்குப் போதுமான பகுதிகள் கிடைக்கும்.

அடுத்து, நான்கு கடிதங்கள்

அவசரப்படாதீர்கள். ஒரு கிழமைக்கு ஒரு கடிதம் போதும்.

முதலாவது, 1927 மார்ச் 26 அன்று தங்கை தெரேசினாவுக்கு எழுதியது. தங்கையின் மகன் என்ன மொழியில் பேசுகிறான் என்று கேட்கிறார். அவனைச் சார்டீனிய மொழியிலேயே பேச விடு, அதற்காக அவனைக் கண்டிக்காதே என்கிறார். அண்ணன் மகள் எத்மேயா சின்னவளாக இருந்தபோது அவளை ஊர்ப் பேச்சில் பேச விடாதது பிழை, அது அவளுடைய கற்பனையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று வருந்துகிறார். சிறைக்குள் இருக்கும் ஒரு கட்சித் தலைவருக்கு இது கவலை!

எனக்குத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கட்டுரையில் "மறுகா நாங்க ஆத்தங்கரைக்குப் போனோம்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் 'மறுகா'வைச் சிவப்பு மையால் வெட்டி 'பின்னர்' என்று எழுதியிருந்தார். பிள்ளை அந்தக் கொப்பியை என்னிடம் நீட்டி, "மறுகா எண்டா கெட்ட வார்த்தையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மனதில் இருக்கும்போது தெரேசினாவுக்கு எழுதிய கடிதத்தை வாசித்துப் பாருங்கள். ஒள்ளுப்பம் (கொஞ்சம்), கிறுகி (திரும்பி), மறுகா என்று நம் வீட்டுக்குள் ஓடும் சொற்களுக்கும் அந்தக் கடிதத்துக்கும் என்ன உறவு என்று உடனே தெரியும்.

ஆனால் பாதியோடு நிறுத்திவிடக் கூடாது. ஊர்ப் பேச்சு மட்டும் தெரிந்தவனுடைய உலகப் பார்வை குறுகித்தான் இருக்கும், பொது மொழியையும் நன்றாகக் கற்க வேண்டும் என்று அதே மனிதர் 11ஆம் குறிப்பேட்டில் எழுதுகிறார். இரண்டும் அவருக்கு வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிராம்ஷி பெயரால் சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டு இடத்தையும் கொப்பியில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 1929 ஏப்ரல் 22 கடிதம். சிறை முற்றத்தின் மூலையில் சில விதைகளையும் ஒரு ரோசாவையும் வளர்க்கிறார். முளைத்த செடிகளைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் சீக்கிரம் வளருமோ என்று தினமும் கை துடிக்கிறதாம். இயற்கை தன் வழியில் போகட்டும் என்று விடுவதா, மனித முயற்சியால் அதை வளைப்பதா என்ற கல்வித் தத்துவத்தின் பெரிய கேள்வியை அந்த நான்கு செடியை வைத்தே எழுப்புகிறார். ஆசிரியர்கள், பெற்றோர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, 1932 ஒக்டோபரில் எழுதியது. பதினொரு வயதில் தான் வேலைக்குப் போனதை நினைத்துப் பார்க்கிறார். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம், ஞாயிறு காலையும் சேர்த்து. மாதச் சம்பளம் ஒன்பது லீரா. நாளுக்கு ஒரு கிலோ பாண் வாங்கலாம். தன்னைவிடப் பாரமான பதிவேடுகளைத் தூக்கி வைக்கும் வேலை. பல இரவு உடம்பு நோவால் ஒருவருக்கும் தெரியாமல் அழுததாக எழுதுகிறார். படிப்பும் ஒரு வேலைதான், உடம்பைப் பழக்காமல் அது வராது என்று 12ஆம் குறிப்பேட்டில் அவர் எழுதும் வரிகளை இந்தப் பிள்ளையின் உடம்போடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நான்காவது எலிக் கதை. 1931 ஜூன் 1 அன்று மனைவிக்கு எழுதி, பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்ன கதை. இதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இந்தக் கடிதங்கள் பலவற்றில் தத்தியானா என்ற பெயர் வரும். ஜூலியாவின் சகோதரி. சிறைக்கு உடுப்பும் மருந்தும் அனுப்பியவர், கடிதங்களைப் பிரதி எடுத்துப் பாதுகாத்தவர், இறந்த பிறகு குறிப்பேடுகளைக் காப்பாற்றியவர். இன்னொரு பெயர் பியெரோ ஸ்ராஃபா. கேம்பிரிட்ஜில் இருந்த பொருளியலாளர். கிராம்ஷிக்கு வேண்டிய புத்தகங்களை வாங்குவதற்காக மிலான் புத்தகக் கடை ஒன்றில் கணக்குத் திறந்து கொடுத்தார். இந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் நாம் இன்று படிக்க ஒன்றும் இருந்திருக்காது. இவர்கள் பெயரையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது: தெற்குப் பிரச்சினை பற்றிய கட்டுரை

கடிதங்கள் முடிந்ததும் நேரே குறிப்பேட்டுக்குப் போகாமல் இதை எடுங்கள். 1926இல், கைதாவதற்குச் சற்று முன் எழுதியது. முடியாத கட்டுரை, 1930இல் பாரிசில் அச்சானது.

கேள்வி இதுதான்: வடக்கு இத்தாலியின் ஆலைத் தொழிலாளியும் தெற்கின் ஏழை விவசாயியும் ஏன் ஒருவரையொருவர் நம்பவில்லை? தெற்கத்தியான் பிறப்பிலேயே சோம்பேறி, அவனால்தான் நாடு முன்னேறவில்லை என்ற கதை வடக்கில் பரவிக் கிடந்தது. சோசலிஸ்டுகள் சிலரும் அதையே பரப்பினார்கள் என்று கிராம்ஷி கோபத்தோடு எழுதுகிறார். அதே வேளை, தீவில் வளர்ந்த இளைஞனாக, பெருநிலத்துக்காரனைக் கடலில் தள்ளு என்ற கோஷத்தைத் தானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஒரு கடிதத்தில் ஒத்துக்கொள்கிறார்.

கட்டுரையில் ஒரு காட்சி வரும். வேலைநிறுத்தத்தை அடக்கச் சார்டீனியப் படையினரைத் தூரினுக்குக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவர், அவரும் சார்டீனியர், ஒரு சிப்பாயிடம் பேச்சுக் கொடுக்கிறார். எதற்கு வந்தாய்? வேலைநிறுத்தம் செய்யும் பணக்காரரைச் சுட. அவர்கள் பணக்காரர் இல்லையே, தொழிலாளிகள், ஏழைகள். இல்லை, இங்கே எல்லாரும் பணக்காரர்தான், கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறார்கள், நாளுக்கு முப்பது லீரா உழைக்கிறார்கள். ஏழை எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சிப்பாய் பொய் சொல்லவில்லை. அவன் கண்டது அதுதான். அவனுடைய வறுமையை வைத்தே அவனை இன்னொரு உழைப்பாளிக்கு எதிராக நிறுத்த முடிந்தது. இந்த இடத்தை இரண்டு தடவை வாசியுங்கள்.

இத்தாலியின் தெற்கை அப்படியே நம் கிழக்கு என்று மாற்றிப் போட்டுவிட வேண்டாம். வரலாறு வேறு, போர், இடப்பெயர்வு, காணிப் பிணக்கு என்று நம் காயங்கள் வேறு. அவரிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது கேட்கும் முறையை. அம்பாறை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து வட்டைகளில் வயல் செய்கிறார்கள். ஒரே பசளை விலை, அறுவடை நேரத்தில் ஒரே நெல் விலை. ஆனாலும் "அவங்கள் இப்படித்தான்" என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. அது யார் வாயில் முதலில் வந்தது, யாருக்கு உதவுகிறது? உங்கள் ஊரில் கேட்ட அப்படியான மூன்று வசனங்களைக் கொப்பியில் எழுதுங்கள். மற்றவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதை எழுதுவது சுலபம். நாம் மற்றவர்களைப் பற்றிச் சொல்வதை எழுதுங்கள்.

இனி, குறிப்பேடுகள்

மொத்தம் 33 குறிப்பேடுகள். அதில் நான்கு மொழிபெயர்ப்புப் பயிற்சிகள். இவை புத்தகம் அல்ல, புத்தகத்துக்கான கச்சாப்பொருள். ஒரு குறிப்பை எழுதுவார். பிறகு அதைக் கோடிழுத்து வெட்டிவிட்டு வேறொரு குறிப்பேட்டில் திருத்தி எழுதுவார். அதனால் ஒரே கருத்து இரண்டு வடிவத்தில் வரும். 1948 முதல் 1951 வரை வந்த முதல் பதிப்பு இவற்றைத் தலைப்புவாரியாக ஆறு தொகுதிகளாகப் பிரித்துப் போட்டது. அவர் எழுதிய ஒழுங்கிலேயே முழுவதையும் ஜெர்ரத்தானா என்ற ஆய்வாளர் 1975இல் பதிப்பித்தார். ஆகவே யாராவது மேற்கோள் காட்டினால் பக்க எண்ணைக் கேட்காதீர்கள். எத்தனையாம் குறிப்பேடு, எத்தனையாம் பத்தி என்று கேளுங்கள். அந்த இரண்டு எண் இருந்தால் எந்தப் பதிப்பிலும் தேடிப் பிடிக்கலாம்.

சிறை அதிகாரிகள் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியதால் சில பெயர்கள் மறைந்து வரும். லெனினை 'இலிச்' என்பார். 'செயலின் தத்துவம்' என்று வந்தால் பெரும்பாலும் மார்க்சியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வெறும் மாற்றுப்பெயர் இல்லை, மார்க்சியத்தை அவர் எப்படி விளங்கிக்கொண்டார் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நான் சொல்லும் ஒழுங்கு: முதலில் 11ஆம் குறிப்பேட்டின் 12ஆம் பத்தி. எல்லா மனிதரும் தத்துவவாதிகள்தான் என்று தொடங்கும். அப்புறம் 12ஆம் குறிப்பேடு, புத்திஜீவிகளும் பள்ளிக்கூடமும் பற்றியது. பிறகு நாட்டார் வழக்காறு பற்றிய 27ஆவது; மிகச் சிறியது, கூத்து, வசந்தன், குரவை என்று வேலை செய்பவர்கள் இதையே முதலில் எடுத்தாலும் பிழையில்லை. அதன் பிறகு அடித்தள மக்களின் வரலாறு பற்றிய 25ஆவது. அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி பற்றிய 13ஆவதை இவற்றுக்குப் பிறகு எடுத்தால் அது உங்களை மிரட்டாது. இத்தாலியத் தத்துவவாதி குரோச்சே பற்றிய 10ஆவதை நான் இன்னும் மெல்ல மெல்லத்தான் வாசிக்கிறேன். நீங்களும் கடைசிக்கு வைக்கலாம்.

சொற்களில் சிக்காமல் இருக்க

தமிழில் ஒரே கருத்துக்குப் பல சொல் ஓடுகிறது. மேலாண்மை, மேலாதிக்கம், கருத்தியல் மேலாண்மை, ஹெஜிமொனி: நான்கும் ஒன்றுதான். அடித்தள மக்கள், விளிம்புநிலை மக்கள், சபால்டர்ன் என்பதும் அப்படியே. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டு, எந்த மொழிபெயர்ப்பில் எந்தச் சொல் என்று எழுதிக்கொண்டு போனால் குழப்பம் தீரும்.

எல்லாச் சொல்லையும் விளக்கப் போவதில்லை. மேலாண்மை என்ற ஒன்றை மட்டும் நின்று பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வயதான முல்லைக்காரர், அதாவது வயல் வேலையாள். இளம் வயதில் ஒரு போடியாரின், அதாவது வயல் சொந்தக்காரரின் வயலில் வேலை செய்தவர். வயல் வாடியில் உட்கார்ந்து, எலும்பு தெரியும் கையை விரித்து விரித்துச் சொன்னார்: "விதைச்சவன் நான். தண்ணி கட்டினவன் நான். ராவு ராவா ஆனைக்குக் காவல் கிடந்தவன் நான். சூடடிச்சு மூட்டை கட்டினவனும் நான்தான்." சரி, அப்படியானால் உங்களுக்குக் கிடைத்த பங்கு காணுமா என்று கேட்டேன். கையை மடித்துக்கொண்டார். "அவர்ர சோத்தத் திண்ட வாயால அவருக்கு எதிராக் கதைக்கலாமா மகன்?"

இரண்டு வசனத்துக்கும் இடையில் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. முதலாவதில் யாருடைய உழைப்பில் நெல் விளைந்தது என்ற கணக்கு அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. இரண்டாவதில் அந்த நெல் 'அவர்ர சோறு' ஆகிவிடுகிறது. 11ஆம் குறிப்பேட்டின் அந்த 12ஆம் பத்தியில், உழைக்கும் மனிதருக்குள் இரண்டு உணர்வுகள் இருப்பதாகக் கிராம்ஷி சொல்கிறார்: ஒன்று அவருடைய செயலில் பதிந்திருப்பது, மற்றது முன்னோரிடமிருந்து ஆராயாமல் பெற்று வாயால் சொல்வது. நான் அந்தப் பத்தியை மூன்று தடவை வாசித்தும் விளங்காமல் இருந்தேன். முல்லைக்காரர் கையை விரித்து மடித்ததும் விளங்கியது. போடியாரிடம் பொலிஸ் இல்லை, துவக்கு இல்லை. நன்றி என்ற ஒரு சொல், அதுவும் நல்ல சொல், அந்த ஒழுங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலாண்மை என்பது பலாத்காரம் மட்டும் அல்ல, ஆளப்படுபவரின் சம்மதமும் சேர்ந்தது என்று கிராம்ஷி சொல்வது இதைத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெரியவரை ஏமாந்தவர் என்று கிராம்ஷி சொல்ல மாட்டார். பொதுப்புத்திக்குள்ளேயே நல்லறிவின் விதை இருக்கிறது, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்பார். முதல் வசனம்தான் அந்த விதை.

புத்திஜீவி விஷயத்திலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. அங்ககப் புத்திஜீவி என்றால் ஏழை வீட்டில் பிறந்து படித்து வந்தவர் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு வர்க்கமும் எழும்போது தன் வேலையை ஒழுங்கு செய்யவும் தன்னைப் பற்றிய உணர்வைக் கொடுக்கவும் தனக்கென்று ஆட்களை உருவாக்குகிறது. அவர்கள்தான் அதன் அங்ககப் புத்திஜீவிகள். முதலாளிக்கும் அங்ககப் புத்திஜீவிகள் உண்டு: பொறியியலாளர், முகாமையாளர், விளம்பரம் எழுதுபவர். ஏழை வீட்டுப் பிள்ளை படித்துவிட்டு யாருக்காக யோசிக்கிறது என்பதுதான் கேள்வி. பயிற்சியாக, உங்கள் ஊர் வட்டவிதானை (வயல் தண்ணீர் பங்கிடுபவர்), கோயில் வண்ணக்கர் (நிர்வாகி), பள்ளிவாசல் நிர்வாகி, கூத்து அண்ணாவியார், ரியூசன் ஆசிரியர் என்று ஐந்து பேரை எடுத்து, இவர்கள் யாருடைய வாழ்க்கையை ஒழுங்கு செய்கிறார்கள், யாருக்குச் சொல் கொடுக்கிறார்கள் என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். விடை ஒரே மாதிரி வராது. பெயர்களை மட்டும் வெளியே சொல்லாமல் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள்களில் கவனம்

முகநூலில் கிராம்ஷி பெயரில் ஓடும் இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "பழைய உலகம் சாகிறது, புதியது பிறக்கப் போராடுகிறது, இது அரக்கர்களின் காலம்" என்று ஒன்று. 3ஆம் குறிப்பேட்டின் 34ஆம் பத்தியில் இருப்பது வேறு: பழையது சாகிறது, புதியதால் பிறக்க முடியவில்லை, இந்த இடைவெளியில் பலவித நோய்க்குறிகள் தோன்றுகின்றன. அரக்கர் என்பது பிற்காலத்து மொழிபெயர்ப்பு வழியில் வந்து ஏறியது. எனக்கு மூலம்தான் பிடிக்கும். அரக்கன் என்றால் பயந்து ஓடலாம். நோய்க்குறி என்றால் நோயைத் தேட வேண்டும்.

மற்றது, அறிவில் அவநம்பிக்கை, மனவுறுதியில் நம்பிக்கை என்ற வரி. அதைத் தன் கோஷம்போலவே அவர் பாவித்தார். ஆனால் அது பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்டிடமிருந்து எடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சேர்ந்து வாசிப்பது

தனியாக வாசித்தால் பெரும்பாலும் இடையில் விட்டுவிடுவீர்கள். ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். நாங்கள் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு ஊர் வாசிகசாலையில் கூடுகிறோம். தேத்தண்ணி ஊற்றுவது முறை வைத்து. ஒருவர் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிப்பார். அடுத்தவர் அதைப் புத்தகத்தைப் பார்க்காமல் மட்டக்களப்புப் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த விதியை ஒருநாளும் தளர்த்துவதில்லை. திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் விளங்கவில்லை என்று பொருள், திரும்ப வாசிப்போம். மூன்றாவது ஆள், இது நம் ஊரில் எங்கே பொருந்தாது என்று சொல்ல வேண்டும். எங்கே பொருந்தும் என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். பொருந்தாத இடத்தைத் தேடும்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும்.

ஒரு பின்னேரத்துக்கு இரண்டு பத்திக்கு மேல் போக வேண்டாம். பெண்கள் வரக்கூடிய நேரமா என்று கேட்டுவிட்டு நேரத்தை வையுங்கள். நாங்கள் முதலில் இரவு ஏழு மணிக்கு வைத்து, ஆண்கள் மட்டுமே வருகிறார்கள் என்று கண்டு மாற்றினோம். பல்கலைக்கழகம் போனவர் ஒருவர் இருந்தால் அவரையே பேச விட்டுவிடும் பழக்கம் எல்லாக் குழுவுக்கும் வரும். அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். பெரும்போக அறுவடை தொடங்கும் பெப்ரவரி, மார்ச்சில் குழுவை நிறுத்திவைப்பது நல்லது. வயல்காரர் வராத கிராம்ஷி வாசிப்பில் எனக்கு விருப்பமில்லை.

எலிக் கதை

கடைசிக்கு வைத்த கடிதம். பிள்ளை தூங்குகிறது. அதற்கு வைத்த பாலை எலி குடித்துவிடுகிறது. பிள்ளை எழும்பி அழ, தாயும் அழ, எலிக்கு மனம் பதைத்து ஆட்டிடம் பால் கேட்டு ஓடுகிறது. ஆடு புல் கேட்கிறது. வயல் தண்ணீர் கேட்கிறது. ஊற்று போரில் இடிந்து கிடக்கிறது, மேசன் வேண்டும். மேசன் கல் கேட்கிறார். எலி மலையிடம் போகிறது. மலை மொட்டையாக நிற்கிறது. வியாபாரிகள் மரமெல்லாம் வெட்டிவிட்டார்கள். எலி நடந்ததைச் சொல்லி, பிள்ளை வளர்ந்ததும் மரம் நடுவான் என்று வாக்குக் கொடுக்கிறது. மலை கல் தருகிறது. பிள்ளைக்குக் குளிக்குமளவு பால் கிடைக்கிறது. வளர்ந்து பைனும் ஓக்கும் செஸ்ட்நட்டும் நடுகிறான். மண் அரிப்பு நிற்கிறது, ஊற்று பாய்கிறது. சொல்லிவிட்டு, பிள்ளைகள் கேட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது என்று ஜூலியாவிடம் கேட்கிறார்.

அதையே நீங்களும் செய்யுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைக்கு ஒரு இரவு இந்தக் கதையை ஊர்ப் பேச்சில் சொல்லி, பிள்ளை சொல்வதைத் திருத்தாமல், அப்படியே, தேதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 'மறுகா' எழுதிய அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னபோது பைனை வேம்பாகவும் ஓக்கை மருதமாகவும் மாற்றிச் சொன்னேன். கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் படுத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "மலையில மரம் வெட்டினவங்க மறுகா ஒண்டும் நடல்லையா?"